எல்லிஸ்: இரண்டு ஊற்று, ஒரு பெயர்

வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், லாங்கோலன் என்ற சிற்றூரிலிருந்து சிறிது தொலைவில், வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்றின் மீது உடைந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. பொயுஸ் நாட்டை ஆண்ட கிங்கென் என்னும் அரசன் தன் கொள்ளுத்தாத்தாவின் நினைவாக ஒன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய சிலுவைத்தூண் அது. ஆங்கிலேயர் கையில் போயிருந்த நிலத்தை அந்தக் கொள்ளுத்தாத்தா மீட்டார் என்று லத்தீன் மொழியில் அதில் செதுக்கியிருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின்போது தூணைச் சாய்த்து உடைத்துவிட்டார்கள். விழுந்து கிடந்த கல்லிலிருந்து 1696இல் எட்வர்ட் லூயிட் என்ற அறிஞர் எழுத்துகளைப் படியெடுத்து வைத்தார். 1779இல் மிச்சமிருந்த துண்டைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்று கல்லின் மேல் கையால் தடவினாலும் எழுத்து அகப்படாது. லூயிட்டின் படி மட்டுமே சாட்சி.

அந்தப் படியில் மன்னரின் பெயர் ‘எலிசெக்’ என்று இருக்கிறது. வேல்ஸ் அரச வம்சாவளிகளோ அவரை ‘எலிசெத்’ என்கின்றன. கடைசி எழுத்து ஒன்று மாறிவிட்டது. செதுக்கியவர் கை தவறியதோ, படியெடுத்தவர் கண் தவறியதோ, தூணுக்கு ‘எலிசெக் தூண்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்படி ஒரு மனிதர் அந்தப் பெயரில் வாழ்ந்ததே இல்லை.

‘எல்லிஸ்’ என்ற குடும்பப்பெயரின் வரலாற்றை இந்தத் தூணடியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்தப் பெயரின் இரண்டு ஊற்றுகளில் ஒன்று எலிசெத். மற்றொன்று இஸ்ரேலின் கர்மேல் மலையில் இருக்கிறது. ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத இரண்டு பெயர்கள், எழுதியவர்களின் கை வழியாக ஒரே வடிவத்தில் வந்து கலந்தன. குடும்பப்பெயர் என்றதும் ரத்தவழி ஒன்று தலைமுறை தலைமுறையாக ஓடிவருவதாகவே நமக்குத் தோன்றும். எல்லிஸ் என்ற பெயரைத் துருவிப் பார்த்தால் ஓடிவருவது எழுத்துதான் என்று தெரிகிறது. கோயில் எழுத்தர், வரி தண்டுபவர், பதிப்பாளர், கல்தச்சர் என்று எழுதிய ஒவ்வொருவரும் பெயரைக் கொஞ்சம் வனைந்திருக்கிறார்கள்.

கர்மேல் மலையிலிருந்து வந்தது

முதல் ஊற்று எபிரேய மொழியின் ‘எலியாகு’. ‘யாவே என் இறைவன்’ என்பது பொருள். பாகால் தெய்வத்தின் பூசாரிகளோடு கர்மேல் மலையில் வாதுக்கு நின்று, வானத்திலிருந்து நெருப்பை இறக்கிய தீர்க்கதரிசியின் பெயர். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு அவர் எலியா.

எபிரேயப் பெயர் கிரேக்கத்துக்குப் போனபோது அதற்கு ஒரு வால் முளைத்தது. கிரேக்க மொழியில் ஆண்பெயர்கள் எழுவாயாக நிற்கும்போது பெரும்பாலும் ‘ஸ்’ என்று முடியும். எலியா, ‘எலியாஸ்’ ஆனார். லத்தீன் விவிலியம் அதையே எடுத்துக்கொண்டது. 1611இல் வெளிவந்த ஆங்கில அதிகாரபூர்வ விவிலிய மொழிபெயர்ப்பில் இரண்டு வடிவமும் பக்கம் பக்கமாக வாழ்வதைக் காணலாம். பழைய ஏற்பாட்டில் எபிரேயத்தை ஒட்டி ‘எலைஜா’. புதிய ஏற்பாட்டில் கிரேக்கத்தை ஒட்டி ‘எலியாஸ்’. ஒரே நூலுக்குள் ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்.

சிலுவைப்போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் இந்தப் பெயருக்குச் செல்வாக்குக் கூடியது. கர்மேல் மலையில் தவம் செய்த துறவியர் எலியாவையே தங்கள் சபையின் ஆதிகுருவாகக் கொண்டாடினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1240களில் இங்கிலாந்தில் வந்து குடியமர்ந்தார்கள். அதற்கு முன்பே, நார்மன் படையெடுப்புக்குப் பின் வந்த பிரெஞ்சுப் பேச்சில் எலியாஸ், ‘எலீ’ என்றும் ‘எலிஸ்’ என்றும் தேய்ந்திருந்தது. ஆங்கிலேயரின் வாயில் அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்தது. அழுத்தம் போன இடத்தில் உயிரெழுத்து மங்கும். இறுதி ‘யாஸ்’ மெலிந்து ‘இஸ்’ ஆயிற்று. பதிவுகளில் ‘எலிஸ்’, ‘எல்லிஸ்’ என்று எழுத்துக்கூட்டு அலைந்து, கடைசியில் இரண்டு ‘ல்’ கொண்ட வடிவம் நிலைபெற்றது.

அதுவரை அது ஆளின் பெயர். குடும்பத்தின் பெயர் அல்ல. இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர்கள் மெல்ல மெல்லத்தான் வந்தன. முதலில் நிலப்பிரபுக்கள், பிறகு நகரத்து வணிகர்கள், அதன்பின் உழவர்கள். பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பகுதி இங்கிலாந்து ஏதோ ஒரு குடும்பப்பெயரைச் சூடிக்கொண்டுவிட்டது. 1377, 1379, 1381 ஆகிய மூன்று ஆண்டுகளில் தண்டப்பட்ட தலைவரியும் இதற்கு ஒரு தூண்டுகோல். ஊருக்குப் பத்து ஜான், எட்டு வில்லியம் இருக்கும்போது, யார் வரி கட்டினார், யார் கட்டவில்லை என்று எழுத்தர் எப்படிக் குறிப்பார்? ‘எலிஸ் மகன் ஜான்’ என்று எழுதினார். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக்கோயிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டபின், எழுதிய பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயரின் கடைசி ‘ஸ்’ தனியே பார்க்கத் தக்கது. வில்லியம்ஸ், ராபர்ட்ஸ் போன்ற பெயர்களின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஆங்கிலத்தின் ஆறாம் வேற்றுமை உருபு. வில்லியமுடைய மகன் என்பது அதன் பொருள். எல்லிஸில் இருப்பது அது அல்ல. ஒலியில் அவற்றின் உடன்பிறப்பைப் போலத் தோன்றினாலும், இது ஏதென்ஸும் அலெக்சாந்திரியாவும் போட்ட கிரேக்க ஆண்பால் விகுதி. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தேய்ந்தும் உதிராமல், யார்க்ஷயர் உழவன் ஒருவனின் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்வரலாறு படிப்பவனுக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை.

எல்லிஸின் மகன் ‘எல்லிசன்’. எலியாஸைச் செல்லமாகச் சுருக்கினால் ‘எலியட்’, ‘எல்கின்’. இவற்றில் எலியட்டைக் கையாளும்போது கவனம் வேண்டும். தென்னிங்கிலாந்தின் எலியட்டுகள் பலருக்கு எலியாஸே மூலம். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் கொடிகட்டிப் பறந்த எலியட் குலத்தவரோ பழைய ஆவணங்களில் ‘எல்வால்ட்’ என்று வருகிறார்கள். அது வேறொரு பழைய ஆங்கிலப் பெயரின் வழி. அந்த எல்லைப்புறக் குலத்தைச் சேர்ந்த ஹியூ எலியட் 1814 முதல் 1820 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். அவர் மகன் எட்வர்ட் எலியட்டின் பெயரில்தான் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை வழங்குகிறது. திருவல்லிக்கேணிப் பக்கத்து எல்லிஸ் சாலையும் அந்தக் கடற்கரையும் பெயரால் பங்காளிகள்போல் தோன்றும். வேர் அநேகமாக வேறு.

வேல்ஸ் வழி

இரண்டாவது ஊற்றுக்கு வருவோம். ‘எலிசெத்’ என்ற பழைய வேல்ஸ் பெயரை, இரக்கமும் ஈகையும் உடையவன் என்ற பொருள் தரும் ‘எலிஸ்’ என்ற அடியோடு பெயர்நூலார் இணைப்பர். எலிசெத்தின் ஈற்றொலி தமிழில் ‘அது’ என்னும்போது நாம் ஒலிக்கும் தகரத்தைவிடவும் மென்மையானது. பேச்சில் அது எளிதாக உதிர்ந்தது. மிஞ்சியது ‘எலிசே’. ஆங்கிலம் அறிந்த எழுத்தர் அதைக் கேட்டதும் தனக்குத் தெரிந்த எல்லிஸ் என்றே எழுதினார். வேறெப்படி எழுதுவார்? மன்னன் எலிசெத்தும் தீர்க்கதரிசி எலியாவும் அந்த மைத்துளியில் ஒருவரானார்கள்.

வேல்ஸில் குடும்பப்பெயர் என்ற ஏற்பாடே வெகுகாலம் இல்லை. தந்தையின் பெயரோடு ‘மகன்’ என்று பொருள்படும் ‘அப்’ சேர்த்துச் சொல்வார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். பதினாறாம் நூற்றாண்டில் 1536, 1543 ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் நிர்வாகத்தோடு இணைத்தபின், நீதிமன்றத்துக்கும் பத்திரத்துக்கும் மாறாத பெயர் தேவைப்பட்டது. செல்வர்கள் முதலில் மாறினார்கள். மலைப்பகுதி உழவர்களிடம் பழைய முறை பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும்கூட நீடித்தது.

மாறுகிற அந்தக் கணத்தைக் கண்முன் காட்டும் மனிதர் ரோலண்ட் எல்லிஸ். தொல்கெத்லி ஊருக்கு அருகே பிரின் மார் என்ற பண்ணைக்கு உடையவர், குவேக்கர் சமயத்தவர். அவர் தந்தையின் பெயர் எல்லிஸ் அப் ரீஸ், அதாவது ரீஸின் மகன் எல்லிஸ். தந்தைக்கு எல்லிஸ் என்பது சொந்தப் பெயர். மகனுக்கோ அதுவே பின்பெயர். சமயத் துன்புறுத்தல் தாங்காமல் ரோலண்ட் 1686இல் கடல் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போனார். ஊரில் இருந்திருந்தால் அவர் பிள்ளைகள் ‘ரோலண்ட் மகன்’ ஆகியிருக்கக்கூடும். ஆங்கில வழக்கு ஆண்ட புதிய நாட்டில் எல்லிஸ் என்பது குடும்பத்தின் பெயராயிற்று. அவர் விட்டுவந்த பண்ணையின் பெயர் பிலடெல்பியாவுக்கு அருகே ஓர் ஊருக்கும், 1885இல் தொடங்கிய புகழ்பெற்ற மகளிர் கல்லூரிக்கும் பெயராக இன்றும் இருக்கிறது.

‘அப் எலிஸ்’ என்பதை விரைந்து சொன்னால் ‘பெலிஸ்’. வேல்ஸ் எல்லைப்புறத்தில் பெல்லிஸ் என்ற குடும்பப்பெயர் இப்படி வந்தது. அப் ஓவன் ‘போவன்’ ஆனதும், அப் எவன் ‘பெவன்’ ஆனதும் இதே வழியில்தான்.

ஆகவே எல்லிஸ் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் எல்லிஸுக்கும் வேல்ஸின் மெரியனத் எல்லிஸுக்கும் ஒரு சொட்டு ரத்த உறவு இல்லாதிருக்கலாம். அதே ஊர், அதே பெயர் என்றாலும் இரண்டு குடும்பங்களாக இருக்கலாம். பதிவேடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் புரட்டுவது ஒன்றே வழி. பெயருக்குக் குலச்சின்னம் விற்கும் கடைகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் வாங்கிவந்த சின்னத்தைச் சுவரில் மாட்டிவைப்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பெயருக்கென்று சின்னம் கிடையாது. சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் மட்டும் அளிக்கப்பட்டது.

பெயரைத் தாங்கியவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டனில் ஜான் எல்லிஸ் என்ற வணிகர் ஓய்வுநேரத்தில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு கடற்பவளங்களை ஆராய்ந்தார். அவை செடிகள் என்று பலரும் நம்பிய காலம். அவை உயிரினங்கள் கட்டிய கூடுகள் என்று 1755இல் நூல் எழுதி நிறுவ முனைந்தார். பூச்சியைக் கவ்வும் அமெரிக்கச் செடி ஒன்றை விவரித்து லின்னேயஸுக்குக் கடிதம் எழுதி, அதற்கு ‘டயோனியா’ என்று பெயர் வைத்தவரும் அவரே. பொருளுக்குச் சரியான பெயர் தேடிய எல்லிஸ்களில் இவர் முதல்வர்.

அந்த வரிசையில் என்னைப் பெரிதும் ஈர்ப்பவர் அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ். 1814இல் பிறந்தபோது அவர் அலெக்சாண்டர் ஷார்ப். தாய்வழி உறவினர் ஒருவர் அவருடைய படிப்புக்கும் ஆய்வுக்கும் வாழ்நாள் முழுக்கப் போதுமான பொருள் தர முன்வந்தார். அதையொட்டி 1825இல் அரச அனுமதி பெற்று ஷார்ப் என்பது எல்லிஸ் ஆயிற்று. பதினொரு வயதுச் சிறுவனின் பெயரை ஒரு தாள் மாற்றியது. அந்தச் சிறுவன் பிற்பாடு தன் உழைப்பையெல்லாம் கொட்டியது, எழுத்துக்கும் ஒலிக்கும் இடையில் உள்ள இடைவெளியை அளப்பதில். சாசரும் ஷேக்ஸ்பியரும் தங்கள் சொற்களை எப்படி ஒலித்திருப்பார்கள் என்பதை ஆராய்ந்து 1869 முதல் 1889 வரை ஐந்து பகுதிகளாகப் பெருநூல் வெளியிட்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலியியல் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இசையில் ஒரு தாயியை 1,200 ‘சென்ட்’டுகளாகப் பகுக்கும் அளவுமுறை அவர் தந்தது. சம இடைவெளியில் அமைந்த ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் 100 சென்ட். 1885இல் அந்த அளவுகோலைக் கொண்டு அரேபியா, இந்தியா, ஜாவா, சீனா, ஜப்பான் நாடுகளின் சுரவரிசைகளை அளந்து, எல்லா மக்களுக்கும் பொதுவான இயற்கைச் சுரவரிசை என்று ஒன்று கிடையாது என்ற முடிவுக்கு வந்தார். ஐரோப்பிய இசையே அளவுகோல் என்று உலகம் நம்பிய நாளில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். கர்நாடக இசையின் நுண்சுருதிகளைப் பற்றி இன்று எழுதும் பலர் சென்ட் கணக்கில் எழுதுகிறார்கள். இரவல் பெயர் தாங்கிய அந்த மனிதரின் கைவேலை அது.

இரவல் என்றதும் நினைவுக்கு வருபவர் எமிலி பிராண்டி. 1846இல் ஹவொர்த் பாதிரியார் வீட்டுச் சகோதரிகள் மூவர் தங்கள் கவிதைகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டார்கள். அட்டையில் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்று மூன்று பெயர்கள். முதலாண்டில் விற்றவை இரண்டே படிகள். மறுஆண்டு ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவல் எல்லிஸ் பெல் பெயரில் வந்தது. எமிலி ஏன் எல்லிஸைத் தேர்ந்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் மூன்று பெயர்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எல்லாமே குடும்பப்பெயராக வழங்குபவை. ஆளின் பெயராக முன்னே வைத்தால் ஆணா பெண்ணா என்று தெரியாது. குடும்பப்பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கும் ஆங்கில வழக்கம் அவர்களுக்கு அந்த மறைவைத் தந்தது. 1848இல் மற்ற இரு சகோதரிகளான சார்லட்டும் ஆனும் லண்டனுக்குப் போய்ப் பதிப்பாளரிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டபோது, மூன்று சகோதரிகள் என்று சொல்லிவிட்டதற்கு எமிலி சினந்தார். எல்லிஸ் பெல்லை எல்லிஸ் பெல்லாக அல்லாமல் வேறெப்படியும் குறிக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்ததைச் சார்லட்டின் கடிதம் காட்டுகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் எமிலி முப்பது வயதில் இறந்தார். தன் பெயரில் தன் நூலை அவர் பார்க்கவே இல்லை. பிராண்டி என்ற பெயரும் அவர்களுடைய அயர்லாந்துத் தந்தை கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்தபோது ‘பிரண்டி’ என்பதைத் திருத்தி எழுதிக்கொண்டதுதான்.

வில்லியம் வெப் எல்லிஸின் கதை வேறு வகை. 1823இல் ரக்பி பள்ளியில் கால்பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு புதிய ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் என்று பள்ளிச்சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். ரக்பி உலகக் கோப்பைக்கே 1987 முதல் அவர் பெயர். ஆனால் இந்தக் கதை அச்சேறியது 1876இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். எழுதிய மேத்யூ பிளாக்சம் அதை நேரில் கண்டவர் அல்ல. அதற்கு முன்பே பள்ளியை விட்டுப் போயிருந்தார். 1895இல் பழைய மாணவர் குழு விசாரித்தபோதும் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூட அகப்படவில்லை. ஸ்பெயினில் அல்புவேரா போரில் இறந்த படைவீரரின் மகனாய், தாயின் கண்காணிப்பில் வளர்ந்து, லண்டனில் பாதிரியாராக இருந்து, பிரான்சின் மென்டோன் நகரில் அமைதியாக மறைந்த மனிதர், தமக்கு இப்படி ஒரு புகழ் வரும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

பாலியலை மருத்துவ, சமூக ஆய்வுப் பொருளாக்கிய ஹேவ்லக் எல்லிஸ், அகிலத்தின் கட்டமைப்பைப் பற்றி ஸ்டீபன் ஹாக்கிங்கோடு சேர்ந்து 1973இல் நூல் எழுதிய ஜார்ஜ் எல்லிஸ், உளவியல் சிகிச்சையில் புதுவழி கண்ட ஆல்பர்ட் எல்லிஸ் என்று பட்டியல் நீளும். ஆல்பர்ட் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், எபிரேயத்தில் தொடங்கிய பெயர் உலகைச் சுற்றி எபிரேய வழியினரிடமே போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொள்ளலாம். 1955 ஜூலை 13 அன்று பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் ரூத் எல்லிஸ். எல்லிஸ் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் அல்ல. முறிந்துபோன திருமணம் விட்டுச்சென்ற பெயர். பெண்களின் வரலாற்றில் குடும்பப்பெயர் என்ன செய்கிறது என்பதற்கு அந்தத் தீர்ப்பேடு ஒரு சான்று.

எல்லீசன்

1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்திறங்கிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ், பின்னாளில் சென்னைக் கலெக்டர். இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர். பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா, முத்துசாமிப் பிள்ளை ஆகியோரோடு உட்கார்ந்து உழைத்தவர். ஏ.டி. காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு 1816இல் அவர் எழுதிய குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலான மொழிகள் வடமொழியில் பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்பதைச் சொல்வேர்களை அடுக்கிக் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல்தான் வருகிறது. இடையில் நாற்பது ஆண்டு. தாமஸ் டிராட்மன் 2006இல் வெளியிட்ட நூல் இந்த முதன்மையை உலகறியச் செய்தது.

1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது எல்லிஸ் கிணறுகள் வெட்டுவித்தார். இராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு அதைத் தமிழ்ச் செய்யுளில் சொல்கிறது. நாட்டுக்கு உறுப்பாக நீரை வைத்த குறளை அதில் எடுத்தாண்டிருக்கிறார்கள். அதில் அவர் பெயர் ‘எல்லீசன்’.

இந்த வடிவத்தைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ‘எல்லிஸ்’ என்று மெய்யில், அதுவும் தமிழுக்கு இயல்பில்லாத ஒலியில் முடியும் பெயர் செய்யுளுக்குள் நுழையாது. புலவர் ‘ஸ்’ என்பதைச் சகரமாக்கினார். குறிலை நெடிலாக்கினார். ‘அன்’ என்ற ஆண்பால் விகுதியைச் சேர்த்தார். கிரேக்கன் சேர்த்த ஆண்பால் விகுதியின் மேல் தமிழன் இன்னொரு ஆண்பால் விகுதியைச் சேர்த்திருக்கிறான். அப்படிச் சேர்ந்ததில் ‘ஈசன்’ என்ற சொல் பெயருக்குள் வந்து அமர்ந்துகொண்டது. ‘என் இறைவன்’ என்று எபிரேயத்தில் தொடங்கிய பெயருக்குள், இறைவனைக் குறிக்கும் மற்றொரு சொல். ஒலி தற்செயலாகக் கொடுத்த கொடைதான் இது. சொல்லாராய்ச்சியில் இதற்கு இடமில்லை. என்றாலும் அந்தப் புலவரின் காது ‘ஈசன்’ என்பதைக் கேளாமல் இருந்திருக்காது என்பது என் துணிபு.

திருக்குறள் அறத்துப்பாலின் ஒரு பகுதிக்கு மொழிபெயர்ப்பும் விரிவுரையும் எழுதிக்கொண்டிருந்த எல்லிஸ், 1819 மார்ச் மாதம் இராமநாதபுரத்தில் திடீரென இறந்தார். அவர் மதுரையில் விட்டுப்போன கையெழுத்துத் தாள்கள் அதிகாரி ஒருவர் வீட்டுச் சமையலறைக்குப் போய், மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று வால்டர் எலியட் என்ற மற்றோர் அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். தப்பியவற்றைத் தேடிச் சேர்த்தவரும் அந்த எலியட்தான். அவை ஜி.யு. போப் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்துக்குப் போயின. தமிழுக்கு நேர்ந்த இழப்புகளில் அந்தச் சமையலறை நெருப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

ஒரு தீவும் ஒரு கல்லறையும்

உலகில் எல்லிஸ் என்ற சொல்லை அதிகம் பேர் உச்சரிப்பது ஒரு தீவுக்காக. நியூயார்க் துறைமுகத்தில் உள்ள அந்தச் சிறு தீவு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாமுவேல் எல்லிஸ் என்ற வணிகருக்குச் சொந்தமாயிருந்தது. 1785இல் விற்க முயன்றார். வாங்க ஆளில்லை. 1794இல் இறக்குமுன் எழுதிய உயிலில், கருவுற்றிருந்த தம் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தால் அவனுக்குச் சாமுவேல் எல்லிஸ் என்று பெயரிட வேண்டும், தீவு அவனுக்கு என்று ஏற்பாடு செய்தார். ஆண் குழந்தையே பிறந்தது. சிறு வயதிலேயே இறந்துபோனது. பெயரைக் காப்பாற்ற ஒரு பேரனை நம்பிய மனிதரின் பெயரை, அவர் விற்க முடியாத மண் காப்பாற்றிவிட்டது. 1808இல் தீவு அரசுக்குப் போனது. 1892 ஜனவரி முதல் நாள் குடியேற்ற நிலையம் திறந்தது. 1954இல் மூடும்வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் போனார்கள்.

‘எல்லிஸ் தீவில் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்’ என்பது எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்களில் தாத்தா பாட்டி சொல்லும் கதை. ஆவணங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. தீவின் ஆய்வாளர்கள் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட ஐரோப்பியத் துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணியர் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பல மொழி தெரிந்த உதவியாளர்களும் அங்கே இருந்தார்கள். பெயர்கள் மாறின என்பது உண்மை. ஆனால் மாறியது பின்னால், பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலை வாசலிலும், மாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்களே. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆரக்கிள் நிறுவனர் லாரி எல்லிசனின் பெயர். ரஷ்யாவிலிருந்து வந்திறங்கிய அவருடைய வளர்ப்புத் தந்தை, தான் கால் வைத்த தீவின் நினைவாக எல்லிசன் என்று பெயர் சூட்டிக்கொண்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மனிதரிடமிருந்து தீவுக்குப் போன பெயர், தீவிலிருந்து மறுபடி மனிதருக்கு வந்தது.

குடும்பப்பெயராக உறைந்த பின்னும் எல்லிஸ் முதற்பெயராகத் திரும்பித் திரும்பி வருகிறது. ஒஹையோ மாநிலத்தில் 1909இல் பிறந்து, 1936இல் ‘சதிலீலாவதி’ படத்தின் மூலம் எம்.ஜி.ஆரைத் திரைக்குக் கொண்டுவந்து, ‘சகுந்தலை’யும் ‘மீரா’வும் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனை நம் திரை ரசிகர்கள் அறிவார்கள். வேல்ஸில் அந்த வழக்கம் ஒருபோதும் அறுபடவே இல்லை. 1703இல் வேல்ஸ் உரைநடையின் செவ்வியல் நூல் ஒன்றைத் தந்தவர் எல்லிஸ் வின். இரு நூற்றாண்டு கழித்து, திராஸ்வினித் என்ற மலையூரின் பண்ணையில் எவன் எவன்ஸ் என்பவரின் மூத்த மகனாக வளர்ந்தவர் எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ். ஆடு மேய்த்துக்கொண்டே யாப்பு கற்றவர். ‘ஹெத் வின்’, அதாவது தூய அமைதி, என்பது அவருடைய புலமைப் பெயர்.

1917 செப்டம்பர் 6 அன்று பர்கன்ஹெட் நகரில் வேல்ஸ் மக்களின் தேசியக் கவிதை விழா. வெற்றிபெற்ற நெடும்பாடலை எழுதியவரின் புனைபெயரைச் சொல்லி மேடையில் அழைத்தார்கள். எக்காளம் ஊதி மறுபடி அழைத்தார்கள். யாரும் எழவில்லை. வென்றவர் ஹெத் வின் என்றும், ஐந்து வாரங்களுக்கு முன் ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் பாசெண்டேல் போரில் இறந்துவிட்டார் என்றும் விழாத் தலைவர் அறிவித்தார். பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த தச்சர் ஒருவர் செதுக்கிய பரிசு நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். அது ரயிலேறி அந்த மலைப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்ரெ நகருக்கு அருகே ஆர்ட்டில்லரி வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல் நிற்கிறது. வேல்ஸ் மொழியில் ‘தலைமைப் புலவர் ஹெத் வின்’ என்ற வரியைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மேலே முதலில் வெட்டிய பெயரில் எல்லிஸ் இல்லை. எவன்ஸுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. முதல் எழுத்து, ‘இ’.